சுவீடன்காரன் ஓட்டம்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு பெரிய விஷயம் சொன்னார். தினமும் காலையில் தான் ஃபார்ட்லெக் செய்வதாக. எனக்கு அது ஏதோ வியாதிக்குச் செய்துகொள்கிற வைத்தியம் என்று பட்டது. பெண் பார்க்க வந்தபோது ஒருத்தரும் இதைச் சொல்லவில்லையே. "எத்தினி வருசமா இருக்குதுங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். "காலேஜ்ல சேந்ததுலேர்ந்து" என்றார், பெருமையாக.

அப்போது நாங்கள் வெள்ளிமலையில் இருந்தோம். உடற்கல்விப் படிப்பை முடித்துவிட்டு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக பி.டி. வாத்தியாராக இருந்தார். நிரந்தர ஆள் வருகிற வரைக்கும்தான் வேலை. ஒற்றை அறை வீடு, பின்பக்கம் சாமைக் கொல்லை, வாசலில் எந்நேரமும் குளிர். மறுநாள் விடிந்தும் விடியாமலும் என்னை எழுப்பி ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காக்கி அரைக்கால் சட்டை, பனியன், கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், ஒட்ட வெட்டிய தலை. ஆளோ ஒல்லிக்குச்சி. "பாத்துக்கினே இரு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஒரு பலாமரம் வரைக்கும் தலைதெறிக்கிற ஓட்டம். அங்கே போனதும் திடீரென்று வேகம் செத்துப்போய், சந்தையிலிருந்து திரும்புகிற பெரியவர் மாதிரி ஒரு நடை. வளைவில் ஒரு பாறை வந்தது, மறுபடி பாய்ச்சல். எதிரே வந்த ஜீப் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா சார், கரடி கிரடி தொரத்துதா?" என்று கேட்டார். "இல்லப்பா, பயிற்சி." "கரடி இல்லாமயா இப்பிடி ஓடறீங்க?" என்று சொல்லிவிட்டு, பரிதாபமாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

திரும்பி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். அது சுவீடன் நாட்டு வார்த்தை. இரண்டு வார்த்தைகளை ஒட்டவைத்தது. ஃபார்ட் என்றால் வேகம். லெக் என்றால் விளையாட்டு. அந்த நாட்டு ஓட்டக்காரர்கள் நெடுந்தூர ஓட்டத்தில் பக்கத்து பின்லாந்துக்காரர்களிடம் சதா தோற்றுக்கொண்டே இருந்தார்களாம். பயிற்சியாளர் ஒருவருக்கு வெறுத்துப்போயிற்று. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினது போதும் என்று எல்லோரையும் காட்டுக்குள் கிளப்பிவிட்டார். அந்த மரம் வரைக்கும் வேகமாக ஓடு, அடுத்த மரம் வரைக்கும் ஆற அமரப் போ, மேடு வந்தால் உன் இஷ்டம். அந்த ஓட்டத்துக்குப் பேர் வைக்கும்போது வேகத்தையும் விளையாட்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

"இதுக்கு சுவீடன் வரைக்கும் போவணுமா? ஓடியாடி வேலைய பாருன்னு எங்கம்மா தெனமும் சொல்லும். ஓடறதும் ஆடறதும் அதுலயே இருக்குதே" என்றேன். துண்டைக் கழுத்தில் போட்டபடி அப்படியே நின்றுவிட்டார். பத்தாவதோடு நின்றவள் இப்படிச் சொல்வேன் என்று எதிர்பார்க்கவில்லை போல. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் போய் இதை ஒரு வகுப்பு விடாமல் சொல்லியிருக்கிறார், என் பொண்டாட்டி கண்டுபிடிச்சது என்று. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வயது ஏறி, அகராதி புரட்டுகிற கிறுக்கு எனக்குப் பிடித்த பிறகு அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். வேகம் என்கிற அந்த முதல் பாதிக்கு அடியில் 'போவது' என்கிற பொருளில் ஒரு பழைய வினை இருக்கிறதாம். இரண்டாவது பாதி குழந்தைகள் விளையாடுவதற்கும் ஆகும், சில காட்டுப் பறவைகள் வசந்த காலத்தில் பெட்டைகளுக்கு முன்னால் கூடிக் குதித்துக் காட்டுகிற ஆட்டத்துக்கும் ஆகும். அதைப் படித்ததும் சிரிப்பு அடங்கவில்லை. என்னை ஓரமாக நிற்கவைத்துவிட்டு வெள்ளிமலை மேட்டில் இந்த மனுஷன் காட்டிய பாய்ச்சல் இருக்கிறதே! பயிற்சியாம் பயிற்சி.

ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, நிரந்தர வாத்தியார் வந்துவிட்டார். மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கினோம். நைனார்பாளையம் பக்கத்தில் மாமனார் வீடு. மாமனார் நல்ல மனுஷர்தான், ஆனால் படித்த மகன் பகலில் வீட்டில் இருப்பதைப் பார்க்க அவருக்குத் தாங்காது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்குத் தூரத்து உறவு மூலம் சொல்லிவைத்துவிட்டார். தங்க இடம் கிடையாது, ஆறேழு பேர் ஒரே ரூமில், அதனால் நான் இங்கேதான் இருக்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வருவாராம். அப்போது எனக்கு மசக்கை வேறு. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. பிள்ளை பிறந்து நடக்கிற வரைக்கும் அப்பன் முகம் தெரியாமல் வளரும் என்று நினைத்து நினைத்து அழுதேன். அந்த வீட்டில் என்னை யார் கேட்டார்கள்?

ஒரே ஒரு வழி இருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் வேலை, நிரந்தர வேலை, இண்டர்வியூவுக்குக் கார்டு வந்திருந்தது. "இது ஆச்சின்னா இரு. இல்லன்னா பெங்களூரு. அதுக்கு மேல என்னால முடியாது" என்று மாமனார் சொல்லிவிட்டார். நான் வேண்டாத சாமி இல்லை.

அந்த இண்டர்வியூ நாள் பார்த்துத்தானா வரவேண்டும், புரட்டாசி பிறந்த வாரத்தில்! இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டம் முழுக்கச் சாலை மறியல். எண்பதுகளில் அந்த வாரத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சைக்கிளைக்கூட விடாமல் டயரில் காற்றைப் பிடுங்கினார்கள். எங்கள் ஊரும் என் பிறந்த ஊரும் சேர்ந்து சின்னசேலத்தைத் தாண்டி மெயின் ரோட்டில் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தன. மாமனார் அங்கே. என் அண்ணன் அங்கே, அவன்தான் முன்னால் நின்று நடத்தியது. படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை கிடைக்கவில்லையே என்கிற எரிச்சல் எல்லோர் வயிற்றிலும் இருந்தது, என் வயிற்றிலும் இருந்தது. உட்கார்ந்தவர்களுக்குப் புளிசோறு கிளறியவர்களில் நானும் ஒருத்தி. அந்த வாரத்தில் சேரிகளில் வீடுகள் எரிந்த ஊர்களும் உண்டு. எங்கள் பக்கம் அப்படி நடக்கவில்லை என்றாலும், அதைச் சொல்லாமல் போனால் நான் பொய்க்காரி.

"மறியல் அன்னிக்கு எவன்டா இண்டர்வியூ வெப்பான்? பஸ் வுட்டதும் பெங்களூருக்குக் கெளம்பற வழியப் பாரு" என்று மாமனார் மகனிடம் சொல்லிவிட்டு மறியலுக்குப் போய்விட்டார். தேதி மாறியதா இல்லையா என்று கேட்க ஊரில் ஒரு போன்கூடக் கிடையாது. என் வீட்டுக்காரர் என்னிடம் மட்டும் சொன்னார்: "ஓடியே போயிடறேன் புள்ள." நான் பேன்ட்டையும் சட்டையையும் சர்ட்டிபிகேட்டையும் பாலிதீன் பையில் சுற்றி, மஞ்சப்பையில் வைத்து அவர் முதுகில் கட்டிவிட்டேன். அவர் ரோட்டு வழியாகக் கிளம்பினார். நான் புளிசோற்று அண்டாவோடு மற்றப் பெண்களுடன் மாட்டுவண்டியில், வயல் குறுக்காக மறியல் நடக்கிற இடத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். போலீஸ் வந்தால் சின்னசேலம் பக்கமிருந்துதான் வரும். அதனால் அந்தப் பக்க வளைவில் எங்கள் ஊர் டெய்லரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள், இருப்பதிலேயே ஒல்லி அவர்தான் என்று. அவர் வேகமாக ஓடி வந்தால் போலீஸ் வருகிறது என்று அர்த்தம், உடனே எல்லோரும் இரண்டு பக்கமும் கரும்புக்குள் இறங்கிவிட வேண்டும். மெதுவாக நடந்து வந்தால் டீ குடிக்க வருகிறார் என்று அர்த்தம். கத்தினால் காதில் விழாத தூரம், கால் வேகம்தான் சேதி.

நாங்கள் போய் அண்டாவை இறக்கியபோது இன்னும் பனி விலகவில்லை. வளைவில் ஓர் ஒல்லி உருவம் தெரிந்தது. தலைதெறிக்க ஓடி வந்தது. "டெய்லர் ஓடியார்றான்டா!" என்று ஒருவர் கத்தினார். அவ்வளவுதான், அத்தனை பேரும் எழுந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அதற்குள் அந்த உருவம் வேகத்தைக் குறைத்து ஆற அமர நடந்தது. "ஒண்ணுமில்லடா, டீக்கு வர்றான்." உட்கார்ந்தார்கள். சாய்ந்து கிடந்த முதல் மரத்தை அது தாண்டியது, மறுபடி பாய்ச்சல். எழுந்தார்கள். அண்டாவை ஒருவர் தூக்கினார். நடந்தது. உட்கார்ந்தார்கள், அண்டாவைப் போட்டார்கள். "இன்னாடா ஆச்சி இவனுக்கு, ஒண்ணு ஓடு, இல்ல நட!" என்று என் மாமனார் மண்ணைத் தட்டிக்கொண்டே திட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளிமலையில் எத்தனை நாள் பார்த்த ஓட்டம்! சொல்லப் போனால் சிரிப்புதான் முந்திக்கொண்டு வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, டெய்லர் இல்லை, என் வீட்டுக்காரர் என்று. டெய்லர் அந்த நேரம் பார்த்துக் கருவேல மறைவில் ஒதுங்கியிருக்கிறார். கூட்டத்துக்கு வந்ததே கோபம். அண்ணன் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தான்.

"இன்னா மாப்ள வெளையாட்டு இது? ஓடிக்கினே வர, நின்னுக்கினு வர?"

"கள்ளக்குறிச்சிக்குப் போறேன் மச்சான். இண்டர்வியூ."

"நாங்க இத்தினி பேரு ரோட்ல கெடக்கறோம். நீ எங்களத் தாண்டிக்கினு போவியா? நம்ம வூட்டு ஆளையே வுட்டா நாளைக்கு ஊர்ல எவன் எங்கள மதிப்பான்?"

கேட்டது நியாயம்தான். ஒருத்தரையும் விடுவதில்லை என்று இரண்டு ஊரும் கூடிப் பேசிய கட்டுப்பாடு. மாமனார் எழுந்து வந்து, "வூட்டுக்குத் திரும்புடா. பெங்களூரு இருக்குதில்ல" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தார். திரும்பிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று, அப்பாவை எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆவேசம். சோற்றுக் கரண்டியோடு நடுவில் போய் நின்றேன். "யாருக்காகண்ணா ஒக்காந்துக்கினு இருக்கீங்க? நம்ம புள்ளைங்களுக்கு வேலை வேணும்னுதான? அந்த வேலைக்குத்தான் இவரு போறாரு. இங்கியே தடுத்து பெங்களூருக்கு அனுப்பிட்டு, அப்புறம் யாருக்கு வேலை வாங்கிக் குடுக்கப் போறீங்க? என் வயித்துல இருக்கறதுக்கா?" பெரியவர்கள் முன்னால் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. கத்தி முடித்ததும் வாந்தி வந்துவிட்டது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து எடுத்தேன்.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். "இங்க வுட்டாலும் வழி முச்சூடும் மறியல்தான். இந்தத் தலையையும் அரைக்கால் சட்டையையும் பாத்தா மப்டி போலீசுன்னு கட்டிவெச்சி ஒதைப்பாங்க" என்றான். பிறகு துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டினான். "நான் கூடப் போய் நம்மாளுன்னு சொல்லி வுட்டுட்டு வரேன். யாருக்காவது வருத்தம்னா திரும்பி வந்தப்புறம் என்னக் கேளுங்க." மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அண்ணன் நல்ல கனமான ஆள், பீடி வேறு. அவனோடு கள்ளக்குறிச்சி வரைக்கும் போன கதையை என் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்கவேண்டும். கொஞ்ச தூரத்திலேயே அண்ணனுக்கு மூச்சு வாங்கியதாம். "அந்த மரம் வரைக்கும் ஓடலாம் மச்சான். அதுலேர்ந்து அடுத்த மரம் வரைக்கும் நடக்கலாம்" என்று இவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வழி நெடுக வெட்டிப் போட்ட மரங்கள். அந்த சுவீடன் பயிற்சியாளர் காட்டில் நின்றிருந்த மரங்களைக் காட்டி ஓடவிட்டார், இவர்கள் ரோட்டில் படுத்திருந்த மரங்களைக் கணக்கு வைத்து ஓடினார்கள். ஒவ்வொரு மறியலிலும் அண்ணன், "நம்மாளு! நம்மாளு!" என்று துண்டை ஆட்டிக் கத்தியிருக்கிறான். ஓரிடத்தில் நம்பாமல் இரண்டு பேரையும் உட்காரவைத்து, ஊர் பேர் விசாரித்து, கடைசியில் கூழ் கொடுத்து அனுப்பினார்களாம்.

பள்ளிக்கூடத்துக் கேட்டில் விட்டுவிட்டு அண்ணன் உடனே திரும்பிவிட்டான். இண்டர்வியூ நடந்தது! ஆனால் வந்திருந்தது இவர் ஒருத்தர்தான். மற்றவர்கள், பாவம், எந்தெந்த ஊரில் மாட்டிக்கொண்டு தவித்தார்களோ. வந்த ஒருத்தரையாவது கேள்வி கேட்காமல் விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. எப்படி வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார் தாளாளர். இவர் ஃபார்ட்லெக் என்றிருக்கிறார். அது என்ன, எந்த பாஷை என்று கேட்க, வேகம், விளையாட்டு, பின்லாந்து, காடு, என் அம்மாவின் ஓடியாடி வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, காலையில் ஒரு கூட்டத்தையே எழுப்பி எழுப்பி உட்காரவைத்ததையும் சொல்லியிருக்கிறார். தாளாளர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தாராம். ஒண்ணாந்தேதியிலிருந்து வரச்சொல்லிவிட்டார்கள்.

இங்கே என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அவர்கள் இரண்டு பேரும் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எல்லோரும் புளிசோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வளைவில் டெய்லர் ஓடி வந்தார். நிஜ டெய்லர், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. "ஒக்காருடா, அடுத்த இண்டர்வியூ போவுது" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். டெய்லருக்கும் பாதி தூரத்தில் மூச்சு வாங்கி நடையாகிவிட்டது, சரிதான் என்று இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சிரித்த வாய் மூடுவதற்குள் வேன்கள் வந்துவிட்டன. பெண்களை மட்டும் போகச் சொல்லிவிட்டு, என் மாமனார், டெய்லர், எல்லோரையும் ஏற்றினார்கள். கை கழுவக்கூட விடவில்லை.

அண்ணன் திரும்பி வந்து பார்த்தபோது ரோட்டில் செருப்புகளும் எச்சில் இலைகளும்தான் கிடந்தன. நேராக ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறான். "நானும் அங்கதாங்க ஒக்காந்துக்கினு இருந்தேன்" என்று சொல்லி உள்ளே போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டான். எல்லோரையும் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

வேலை கிடைத்த சேதியோடு என் வீட்டுக்காரர் வந்து நின்றபோது, அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். சந்தோஷப்பட முடிந்ததா? "உம் புருசன் ஓடுன ஓட்டத்துல ஊரே உள்ள போயிடுச்சி" என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னார்கள். டெய்லர் மனைவி என்னைப் பார்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். பெங்களூர் போகாமல் என் பக்கத்தில் படுத்திருந்த மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டார். நானும் ஜெயிலுக்கே போயிடறேன் புள்ள என்பார். போங்க, வேலையும் போவட்டும், எல்லாரும் சேந்து அங்கியே குடும்பம் நடத்தலாம் என்று நான் எரிந்து விழுவேன்.

சில வாரம் கழித்துப் பார்க்க விட்டார்கள். கடலூருக்குப் போனோம். அண்ணன் என்ன சொல்வானோ, மாமனார் முகத்தில் எப்படி விழிப்பதோ, டெய்லர் காறித் துப்பினால்கூடச் சரிதான் என்று இருந்தது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரே தள்ளுமுள்ளு, அழுகை, கூச்சல். அண்ணன் வந்தான். தாடி வளர்ந்து, பாதியாக இளைத்திருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழுவாதடி. மொதல்ல சொல்லு. கெடச்சிதா?"

"இன்னாதுண்ணா?"

"வேலைடி! உள்ள அத்தினி பேரும் தெனமும் அதைத்தான பேசிக்கினு இருக்கோம். கெடச்சிதா இல்லியா?"

"கெடச்சிடுச்சிண்ணா."

அண்ணன் அப்படியே திரும்பி, உள்பக்கம் பார்த்துக் கத்தினான். "டேய், கெடச்சிடுச்சாம்டா! நம்மாளு வாத்தியாராயிட்டான்டா!" சுவருக்குப் பின்னால் எங்கோ ஒரு பெருங்கூச்சல் எழுந்தது. விசில், கைதட்டல், தட்டுகளைத் தரையில் அடிக்கிற சத்தம். டெய்லரின் கீச்சுக்குரல்கூடத் தனியாகக் கேட்டது. காவலர் அதட்டிக்கொண்டே ஓடினார், சத்தம் நிற்கவே இல்லை.

அந்தச் சத்தத்தின் நடுவில் மாமனார் வலையருகே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார். வலைக்குள் நுழைந்த அளவுக்கு இரண்டு விரலை நீட்டி மகனுடைய விரலைப் பிடித்துக்கொண்டார். உதடு கோணியது. "நீ எங்கியும் போவ வேணாம்டா" என்றார்.